மேகத்தை விடு, உள்ளே இருக்கிற நட்சத்திரத்தைப் பார்

தம்பி,

நீ அனுப்பிய ஓரியன் நெபுலா படம், அதுதான் விண்வெளியில் மிதக்கிற அந்த வாயு மேகத்தின் படம், வந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த்தை விட்டுக் கொஞ்ச தூரம் வண்டியோட்டினால் இவ்வளவு கறுப்பான வானம் கிடைக்கிறதென்றால் நீ கொடுத்து வைத்தவன்தான். ஆனால் நீ எழுதியிருந்தது முழுக்க அந்த ரோஜா நிற மேகத்தைப் பற்றியே. நடுவில் வெள்ளையாக வெளுத்துப்போன இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாமே அங்கேதான் நடக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

அந்த வெளுப்புக்குள் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்கின்றன, ட்ரெபீசியம் என்பார்கள். அதில் பிரகாசமானதுக்கு தீட்டா 1 ஓரியானிஸ் சி என்று பெயர். எடை சூரியனைப்போல் 30 மடங்குக்கும் மேல், மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 39,000 டிகிரி (சூரியனுக்கு 5,500தான்), அது கொட்டுகிற ஒளி சூரியனைவிடச் சுமார் 2 லட்சம் மடங்கு. வயது அதிகம் போனால் இருபது முப்பது லட்சம் ஆண்டுகள் இருக்கும். 460 கோடி ஆண்டாக எரிகிற நம் சூரியனுக்கு முன்னால் இது கைக்குழந்தை. இதற்கு ஒரு துணை நட்சத்திரமும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 11 ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது.

மேகத்துக்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது தம்பி. இந்த நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் போய் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது, அந்த எலக்ட்ரான் திரும்ப ஒரு அணுவோடு சேர்ந்து ஆற்றல் குறைந்து படிப்படியாக இறங்கும்போது வருகிற சிவப்புதான் உன் கேமராவில் பதிந்தது. மற்ற மூன்றும் ஏதோ கொஞ்சம் உதவுகின்றன, பெரும்பங்கு இது ஒன்றுடையதுதான். இதை அணைத்துவிட்டால் அத்தனை அழகும் இருட்டாகிவிடும்.

கலிலியோ 1617இல் இதே இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்து மூன்று நட்சத்திரங்களை வரைந்து வைத்தார், மேகத்தைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. அவர் கண்ணுக்கு நட்சத்திரம் மட்டும் பட்டது, இன்று படம் எடுக்கிற எல்லோருக்கும் மேகம் மட்டும்தான் படுகிறது.

நெபுலாக்களில் ஒரு பச்சை வெளிச்சமும் உண்டு, அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, அதைக் கண்டவர்களுக்கு அது எந்தத் தனிமத்தின் ஒளி என்று புரியவில்லை, பூமியில் இல்லாத ஏதோ ஒன்று என்று நினைத்து நெபுலியம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1927இல் ஐரா போவன் என்பவர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார், அது சாதாரண ஆக்சிஜன், இரண்டு எலக்ட்ரானை இழந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்று. ஆனால் ஆக்சிஜனிடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க ஹைட்ரஜனுக்கு ஆவதைப்போல் இரண்டரை மடங்கு ஆற்றல் வேண்டும், சூரியன் மாதிரி ஒன்றால் அது ஆகாது. ஓரியனில் அந்தப் பச்சை தெரிகிறதென்றால் உள்ளே இப்படி ஒன்று கொதிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. இந்த நட்சத்திரம் ஒளி மட்டும் தருவதில்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் காற்றாகவும் வீசுகிறது. 747 விமானத்துக்குள் தொலைநோக்கியை வைத்துப் பறந்தார்களே சோஃபியா, அதில் பார்த்தவர்கள் 2019இல் சொன்னார்கள், அந்தக் காற்று சுற்றியுள்ள வாயுவைத் தள்ளிப் பெரிய குமிழியாக ஊதியிருக்கிறது, பக்கத்தில் புது நட்சத்திரங்கள் பிறக்கத் தேவையான சரக்கையே துடைத்துவிட்டது என்று. அக்கம்பக்கத்துச் சின்ன நட்சத்திரங்களைச் சுற்றிக் கோள்கள் உருவாக வேண்டிய தூசித் தட்டுகள் இருக்கின்றன, ஹப்பிள் 150க்கும் மேல் பார்த்திருக்கிறது. நட்சத்திரத்துக்குக் கிட்டே இருப்பவை கண்ணீர்த்துளி வடிவில், வால் வெளிப்பக்கம் திரும்பி, ஆவியாகிக்கொண்டிருக்கின்றன. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும். ஆனால் 2023இல் வெப் தொலைநோக்கி அதே நெபுலாவில் ஒரு தட்டில் மீத்தைல் அயனியைக் கண்டுபிடித்தது. கரிம வேதியியல் தொடங்க உதவுகிற மூலக்கூறு அது, விண்வெளியில் முதன்முறையாக அங்கேதான் கிடைத்தது, அது உருவாக ஆற்றல் தருவதும் பக்கத்துப் பெரிய நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிரே என்கிறார்கள். அழிக்கிறதா, ஆக்குகிறதா என்று ஒரே வார்த்தையில் முடிவு சொல்ல என்னால் முடியவில்லை.

சரி, உன் வேலை இதுதான். உன் ஊரில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தலைகீழாக இருக்கும். வடக்கே பார்த்து நின்றால் வரிசையான மூன்று நட்சத்திரங்களுக்கு மேலே நெபுலா, நம் திருவாதிரை கீழே. அடுத்த தடவை எக்ஸ்போஷரைச் சில நொடிகளாகக் குறைத்து இன்னொரு படம் எடு. மேகம் மங்கிப்போகும், பரவாயில்லை, நான்கு நட்சத்திரமும் தனித்தனியாக வரும். நீ பிடிக்கப்போவது சுமார் 1,350 ஆண்டுக்கு முன்னால், காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளி.

ஏப்ரல் தாண்டினால் பொழுது சாய்ந்த கையோடு ஓரியன் மேற்கே இறங்கிவிடும், அதற்குள் நிலா இல்லாத வாரமாகப் பார்த்துப் போ. அப்புறம், தனியாகப் போகாதே, கூட யாரையாவது கூட்டிக்கொள். ராத்திரியில் கங்காரு ரோட்டுக்குக் குறுக்கே பாயும் என்று நீதான் சொன்னாய்.

அன்புடன்,
அம்மா