மாடியில நார்த்தங்காய் காயுது

பாப்பா,

சாப்பிட்டியா? நேத்தும் இதையேதான் கேட்டேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. சரி, வேலை இருக்கும். ஒசாக்கா குளிர்ல வெறும் வயித்தோட படுக்காத. கடை மிசோ சூப்ல காஞ்ச மீனைச் சீவிப் போட்டுத்தான் தாஷிங்கிற சாறு எடுப்பாங்கன்னு நீதான சொன்ன, கொம்புங்கிற அந்தக் கடல்பாசிய ராத்திரியே தண்ணில ஊறப்போட்டு நீயே எடுத்துக்கோ.

தீபாவளிக்கு நீ கொண்டுவந்த உமெபோஷி இன்னும் மூணு இருக்கு. அப்பா ஒண்ண வாயில போட்டுட்டு, அப்பத்தா போட்ட நார்த்தங்காயேதான்னாரு. உமெ காய உப்புல ஊறவச்சு ஜூலை கடைசில மூணு நாள் வெயில்ல காயவைப்பாங்கன்னு நீ சொன்னப்ப நம்ம மொட்டைமாடிதான் கண்ணுல நின்னுச்சு.

தூக்கிப் போட்டுப் பிடிச்சு வெளையாடுற ஒதெதாமா பை ஒண்ணு தையல் விட்டு உள்ள இருந்த சிவப்புப் பயறெல்லாம் கொட்டிருச்சு, பொறுக்கித் தச்சுட்டேன். அஞ்சாங்கல்லு மாதிரி உருண்டு ஓடாம விழுந்த எடத்துலயே கெடக்கு, கை வலிக்கல.

டிசம்பர்ல எழுதின ஜப்பான் மொழிப் பரீட்சை ரிசல்ட் ஜனவரியிலயே வந்துருமாமே, சித்தி மகன் சொன்னான். நான் கேக்கல. எத்தன தடவ எழுதினாலும் சரிதான். பொழக்கத்துல உள்ள காஞ்சி எழுத்தே 2136-ன்னு சொன்னா இங்க எல்லாரும் வாயப் பொளக்குறாங்க. அவ்வளவு படிக்கிறவளுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுத வரல.

உன் பழைய நோட்ட எடுத்து 46 ஹிரகானாவும் எழுதிப் பழகுறேன். நெ, ரெ, வா மூணும் மொதல்ல ஒண்ணாவே தெரிஞ்சுச்சு, இப்ப பிடிபட்டுருச்சு, வால் சுழிச்சா நெ, வெளிய நீண்டா ரெ, உள்ள வளைஞ்சா வா. அதுல ஒரு பக்கத்துல 'இத்தெகிமாஸ், போயிட்டு வரேன், அப்படியே நம்மள மாதிரியே'ன்னு அடிக்கோடு போட்டிருக்க. வீட்ல இருக்கவங்க 'இத்தெராஷ்ஷாய்', போயிட்டு வான்னு சொல்லணுமாம்.

அன்னிக்கு நீ வாசப்படில நின்னு ரெண்டு தடவ சொன்ன. எனக்குக் கேட்டுச்சு பாப்பா, நல்லாவே கேட்டுச்சு. மதுரைக்காரங்க விஷயத்துல அவ்வளவு ஆங்காரம் எனக்கு, குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னேன். கார் தெருமுனை திரும்பின பெறகுதான் வெளிய வந்தேன். பாத்திரம் கழுவுன சத்தத்துல கேக்கலன்னு அப்பாகிட்டயும் பொய்தான் சொன்னேன், இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

நார்த்தங்காய் இன்னும் ரெண்டு நாள் வெயில் வாங்கணும். பார்சல்ல விடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. ராத்திரி பாசி ஊறப்போட மறக்காத.

அம்மா