தட்டு ஆறும் முன் சாப்பிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களை அழைத்து உணவகங்கள் நடத்தும் சுவைப்பு விருந்துகளைப் பற்றி எழுதுகிறோம். எங்களில் பாதிப்பேர் அடுப்படியில் நிற்பவர்கள். மீதிப்பேர் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுதுகிறவர்கள். எட்டு, பத்துச் சுற்றுகளாகச் சின்னச் சின்ன அளவில் வரும் இந்த உணவு, சமைத்தவர் நினைத்த பதத்தில் பெரும்பாலும் யார் வாய்க்கும் போய்ச் சேருவதில்லை. தட்டு வந்ததும் படம் எடுக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் எழுந்து நிற்கிறார், ஒருவர் தட்டைத் திருப்புகிறார், இன்னொருவர் பக்கத்துக் குவளையை நகர்த்தச் சொல்கிறார். நான்கைந்து நிமிடம் போய்விடுகிறது. ஆறிப்போனதைச் சாப்பிட்டு எழுதிய குறிப்பை நம்பித்தான் வாசகர் காசு கொடுத்துச் சாப்பிடப் போகிறார்.

ஐந்து நிமிடத்தில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 60 கிராம் மீன் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோல் பக்கத்தை மொறுமொறுவென்று வறுத்து, தோல் மேலே இருக்கும்படி வைத்து, சுற்றிலும் வெண்ணெய் சாஸ் ஊற்றியிருக்கிறார்கள். அடியில் உள்ள மீனிலிருந்து எழும் ஆவி தோலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தோல் நமத்துவிடும். வெண்ணெயும் அமிலமும் சேர்த்து அடிக்கும் அந்த சாஸோ, 58 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிரியும். 30 டிகிரிக்கு இறங்கினால் கொழுப்பு உறையத் தொடங்கும். 50 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அது நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். மெல்லிய படலமாகத் தட்டில் பரவியிருக்கும் சாஸுக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் சக்தி கிடையாது. படம் பிடித்து முடிக்கையில் மேலே ஆடை படிந்துவிடும். "மீன் பரவாயில்லை, சாஸ் கொஞ்சம் கொழகொழப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். சாஸ் அடித்தவர் செய்த பிழை அல்ல அது.

அளவு சிறியதாக இருப்பதே இங்கே பெரிய சிக்கல். 200 கிராம் துண்டைவிட 60 கிராம் துண்டு வேகமாக ஆறும். உள்ளே சேர்ந்திருக்கும் சூடு குறைவு, காற்றில் படும் பரப்போ எடைக்கு மிஞ்சி அதிகம். அதை ஏந்தி வரும் பீங்கான் தட்டு 600 கிராம் இருக்கும். உணவைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள குளிர்ந்த தட்டில் வைத்தால் சூட்டைத் தட்டே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சூடான சுற்றுகளுக்கான தட்டுகளை 60 முதல் 65 டிகிரி வரை சூடுபடுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சாஸின் ஓரம் காயும், பரிமாறுபவர் கையும் சுடும். குளிர்ந்த சுற்றுகளுக்கான தட்டுகள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் உருகினால் உருவம் மட்டுமா போகிறது? குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும். அந்தக் குளிருக்குக் கணக்கிட்டுத்தான் சர்க்கரை போடுகிறோம். உருகியதைச் சாப்பிட்டவருக்குத் திகட்டத்தான் செய்யும்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை எதற்காக வந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஐரோப்பாவின் பெரிய விருந்துகளில் ஒரு காலத்தில் பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். பிரெஞ்சு முறை என்று அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் 'ரஷ்ய முறை' பரவி, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தது சமையலறையிலிருந்து வரத் தொடங்கியது. ஒவ்வொன்றும் சூடாக வந்து சேர்கிறது என்பதுதான் அதன் முக்கியமான பலன். அந்தப் பலனைக் கைபேசிக்குப் பலி கொடுத்துவிட்டுச் சுற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

படம் எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படம் இல்லாமல் உணவகத்துக்கும் பயனில்லை, எழுதுகிறவருக்கும் பயனில்லை. ஒவ்வொரு சுற்றிலும் படத்துக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாகச் செய்யுங்கள் என்கிறோம். 14 விருந்தினர் என்றால் ஒரு தட்டு கூடுதல், அதாவது ஏறக்குறைய 7 சதவீதச் செலவு. அந்தத் தட்டு மற்றவற்றுக்கு மூன்று நிமிடம் முன்னதாகத் தனி மேசைக்குப் போகட்டும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம் நல்லது. இரவு விருந்தென்றால் 5000 முதல் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான ஒரே ஒரு விளக்கு போதும், அதன் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி. மேசைக்கு மேலே தொங்கும் மஞ்சள் விளக்கு 2700 கெல்வின் அளவில் இருக்கும். ஜன்னல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் தட்டின் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள். எந்தத் திருத்தமும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது. ஆகவே அந்த மேசைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். தட்டையான பதார்த்தத்துக்கும் சூப்புக்கும் நேர் மேலிருந்து, உயரமாக அடுக்கியதற்கு மேசை மட்டத்துக்குச் சற்று மேலிருந்து. வெளிச்சம் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்தால் சாஸின் பளபளப்பு தெரியும். பிளாஷ் அடித்தால் எல்லாம் எண்ணெய் வடிவதுபோல் இருக்கும். படம் எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்க வேண்டும். சாப்பிட்ட கையால் தொட்ட கைபேசி அது.

படத்தட்டை யாருக்கும் பரிமாறக் கூடாது. பலர் குனிந்து பார்த்த, அறை வெப்பத்தில் கிடந்த உணவு அது.

சமையலறைப் பக்கம் கவனிக்க வேண்டியது நேரக் கணக்கு. ஒரு தட்டை அடுக்க 40 விநாடி ஆகிறது, இரண்டு பேர் அடுக்குகிறார்கள் என்று வையுங்கள். 14 தட்டுக்கு 280 விநாடி. கடைசித் தட்டு முடியும்போது முதல் தட்டுக்கு ஏறத்தாழ நான்கு நிமிட வயது ஆகிவிட்டது. படமே எடுக்காவிட்டாலும் ஆறிய உணவுதான். விருந்தினரை ஏழு ஏழு பேராக இரண்டு மேசையில் உட்காரவைத்து, இரண்டாவது மேசைக்கு மூன்று நிமிடம் தாமதித்து அனுப்பினால் இது தீரும். நான்கு பரிமாறுபவர்கள் கைக்கு ஒன்றாக எட்டுத் தட்டு எடுப்பார்கள். ஒரு மேசைக்கு ஒரே நடை. அடுக்கும் வரிசையும் முக்கியம். குளிர்ந்த அலங்காரம், கூழ், காய் எல்லாம் முதலில் தட்டேறட்டும், சூடான துண்டு கடைசியில். சாஸை மேசையில் வைத்தே ஊற்றுவது பார்வைக்கு அழகு என்று நினைக்கிறார்கள். உண்மையில் சூட்டைக் காப்பதற்கு அதைவிட நல்ல வழியில்லை.

தலைமைச் சமையல்காரர் பேசும் நேரமும் இதில் அடங்கும். தட்டு முன்னால் ஆறிக்கொண்டிருக்க, மூன்று நிமிடம் விளக்கம் கொடுப்பது எங்கும் நடக்கிறது. தட்டுகள் இறங்கும் வேளையில் 20 விநாடி பேசினால் போதும். மற்றதெல்லாம் அச்சிட்ட அட்டையில் இருக்கட்டும்: பெயர், முக்கியப் பொருள்கள், சமைத்த முறை, ஒவ்வாமைக்குரியவை. பால், முட்டை, மீன், நிலக்கடலை, கோதுமை, எள் என்று 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இருக்கிறது. எந்த நாட்டிலும் அதைப் பின்பற்றலாம். யாருக்கு எது ஆகாது என்பதை அழைப்பு அனுப்பும்போதே கேட்டு, மூன்று நாள் முன்னதாகப் பதில் வாங்கிவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு கேட்டால் சமையலறை கையில் கிடைத்ததை எடுத்துவிட்டு மீதியைத் தரும். அந்தத் தட்டைப் பற்றி நியாயமாக எழுத முடியாது.

அளவைப் பொறுத்தவரை, எட்டுச் சுற்றுக்கு ஒவ்வொன்றும் 50 முதல் 70 கிராம், மொத்தம் 500 கிராமை ஒட்டி. தாராளம் காட்டுவதாக நினைத்து 120 கிராம் வைத்தால் ஐந்தாவது சுற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். பிறகு வருவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுத்தில் அடிபடும். வயிறு நிறையாதபோதும் நாக்கு சலிக்கும். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவையின் மீது மட்டும் விருப்பம் குறைந்து, வேறு சுவைக்கு ஆசை அப்படியே இருக்கும் என்பதை ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் ஆய்வாக வெளியிட்டார்கள். மூன்று சுற்று தொடர்ந்து க்ரீமும் வெண்ணெயும் வந்தால் மூன்றாவது தோற்பது அதனால்தான். நடுவில் புளிப்பாக, குளிர்ச்சியாக, கடித்து மெல்லும்படி ஏதாவது வேண்டும்.

காரத்தில் இன்னும் கவனம் தேவை. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் தண்ணீரில் கரையாது; தண்ணீர் குடிக்கக் குடிக்க வாயெல்லாம் பரவும். பாலில் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போகும். காரமான சுற்றை நான்காவதாக வைத்துவிட்டு ஐந்தாவதாக மென்மையான மீனைக் கொடுத்தால் அந்த மீனின் மணத்தை ஒருவரும் உணரப் போவதில்லை. காரம் கடைசிக்கு முந்தியதாக வரட்டும், அதற்கடுத்துத் தயிரோ பாலோ சேர்ந்த ஏதாவது வரட்டும்.

உப்பும் அப்படித்தான். ஒரே வாயில் முடிகிற உணவுக்கு உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போடுவது சமையலறை வழக்கம். தனியாகச் சாப்பிட்டால் அருமையாக இருக்கும். எட்டும் அப்படியே வந்தால் கடைசியில் தாகம்தான் மிஞ்சும். எட்டையும் ஒருவரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்காமல் விருந்தை நடத்தக் கூடாது. தனித்தனியாகக் கரண்டியில் ருசி பார்த்தது கணக்கில் சேராது.

எழுதுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆறாவது சுற்று வரும்போது இரண்டாவதன் நினைவு மங்கிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்: சூடு, பல்லுக்குக் கிடைத்த பதம், உப்பு, புளிப்பு, விழுங்கிய பின் எஞ்சிய சுவை. ஐந்து சொல் போதும். "அட்டகாசம்" என்று குறித்தால் வீட்டுக்குப் போய் எழுத ஒன்றும் இருக்காது. சுவைப்பு அளவையும் மெனுவில் விற்கும் அளவையும் கேட்டு இரண்டையும் எழுதுங்கள். 60 கிராம் இறைச்சித் துண்டில் வறுபட்ட வெளிப்புறம் அதிகம், உள்ளே இருக்கும் சாறு குறைவு. 180 கிராம் துண்டில் நேர்மாறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் வாசகர் சாப்பிடப் போவது வேறு பண்டம். விருந்தன்று தலைமைச் சமையல்காரரே நின்று 14 தட்டையும் பார்த்திருப்பார். கூட்ட நாளில் அவர் கண் எல்லாத் தட்டிலும் படாது. பரிந்துரைக்கும் முன் ஒருநாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பதே முறை.

இலவசமாகச் சாப்பிட்டதை மறைப்பது பெரிய தவறு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, வலைப்பதிவர்களும் இத்தகைய தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. அதைக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், அடியில் இருபது குறிச்சொற்களுக்கு நடுவே ஒளித்துவைக்கக் கூடாது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். உணவகங்களின் அழைப்பில் போய்வந்து எழுதிய குறிப்பு எதுவானாலும், தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்: "உணவகத்தின் அழைப்பில், கட்டணமின்றிச் சாப்பிட்டது, 8 சுற்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 கிராம், படத்தில் உள்ளது படத்துக்கெனத் தனியாகச் செய்த தட்டு." எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டார் என்பதையும் எழுதியவர் நேர்மையாகச் சேர்த்தால் சமையலறையில் நிற்பவர்கள் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
உணவகச் சமையலறைப் பணியாளர்களும் உணவு எழுத்தாளர்களும்