தண்டையார்பேட்டையிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

நீ போன் பண்ணியபோது ஐ.சி.யூ. வாசலில் அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அதனால்தான் சரியாகப் பேசவில்லை. "நம்ம பையனுக்கு மூளைச்சாவா?" என்று கேட்டாய். இல்லை. கோமாவில்தான் இருக்கிறான். கோமா வேறு, அது வேறு. மூளைச்சாவு என்று சொல்ல நான்கு டாக்டர்கள் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். வென்டிலேட்டர் இருந்தாலும் இவன் நடுநடுவே தானாக மூச்சு இழுக்கிறான், மூளைச்சாவில் அது நடக்காது. தெருவில் பாதிப் பேர் அதற்குள் உறுப்பு தானம் வரைக்கும் பேசிவிட்டார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்குமே, ராத்திரி அதில் ஒன்றின் பின்னால் பைக்கை விட்டுவிட்டான். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்ததாம். திட்டி என்ன ஆகப்போகிறது.

தினமும் காலையில் ஜி.சி.எஸ்., அதாவது நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் மார்க், எவ்வளவு என்று கேட்பதுதான் எங்கள் முதல் வேலை. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மார்க். 1974இல் கிளாஸ்கோ டாக்டர்கள் இரண்டு பேர் வகுத்த கணக்கு. மொத்தம் 15, ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3 உண்டு. நம்ம கணக்கு வாத்தியார் அதுகூடத் தந்ததில்லை! இவன் 7இலேயே நின்றான். மண்டைக்குள் சின்ன ஒயர் வைத்து அழுத்தமும் பார்த்தார்கள். 22ஐத் தாண்டி நின்றால் ஆபத்து. மூளை வீங்கினால் மண்டையோடு இடம் தராது, ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அந்த எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆள் கண் திறக்கவில்லை.

மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. முதலில் எடுத்தது அரை மணி நேரம்கூட இருக்காது. அதில் ஒன்றும் சிக்கவில்லை. மெஷின் பற்றாக்குறையாம், எங்கள் முறை வரக் காத்திருந்தோம். அப்புறம் ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர்களை ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் வலிப்பு தெரிந்தது. கை கால் வெட்டவில்லை, வாயில் நுரை இல்லை. காசிமேட்டில் கட்டிப்போட்ட போட்டில் இன்ஜின் ஓடி டீசல் தீருகிற மாதிரி, உள்ளே மட்டும் நடந்திருக்கிறது. மருந்தை மாற்றிய பிறகு 9க்கு வந்திருக்கிறான். தலையில் பலத்த அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கு இந்தக் கண்காணிப்பை விடாமல் வைக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. வலிப்பு நம் அரை மணி நேரத்துக்குள் வந்து காட்டிவிட்டா போகும்?

இரவு டூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் இன்னொன்று சொன்னார். 2006இல் இங்கிலாந்தில், விபத்துக்குப் பிறகு உணர்வே இல்லை என்று முடிவுகட்டிய ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்களாம். நல்ல நினைவோடு இருப்பவர்களின் மூளை போலவே அவள் மூளையும் வேலை செய்திருக்கிறது. 2024இல் வந்த ஆய்வில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரை ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ இரண்டிலுமோ சோதித்ததில், 60 பேர் மூளை கட்டளையைக் கேட்டு இயங்கியதாம். நான்கில் ஒருவர்! இவன் அதில் சேர்த்தியா என்று சொல்ல முடியாது, அந்தச் சோதனை இங்கே வழக்கத்தில் இல்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து கட்டில் பக்கத்தில் நின்று "இனி தேறமாட்டான்" என்று பேசிய பெரியப்பாவை நான் உள்ளே விடுவதில்லை. அவருக்குக் கோபம், இருக்கட்டும். அக்கா மட்டும் தினமும் அவன் காதில் தெரு வம்பு முழுக்கச் சொல்லிவிட்டு வருகிறாள்.

நீ வருவதானால் சாயங்காலம் வா. அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான், மாறி மாறிப் போகலாம். உள்ளே போனதும் அவனிடம் முதலில் உன் பெயரைச் சொல், அப்புறம் பேசு. பாப்பாவின் வேலை விஷயம் என்ன ஆயிற்று? அதை எழுது.

உன்,
குமார்