காய்ச்சல் என்று சொன்னது பொய்

மயிலாடுதுறை
ஐப்பசி 18

அன்புள்ள கமலி,

உன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வராததற்கு வைரல் காய்ச்சல் என்று சொன்னேனே, அது பொய். அன்று காலை நாலு மணிக்கே எழுந்து குளித்து, பூ வைத்து, திருபுவனம் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு ப்ளவுஸைப் போட்டேன். மேல் இரண்டு கொக்கி எட்டவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து மாட்டினேன். மூச்சு விட்டதும் ஒரு கொக்கி பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வாசலில் கார் நிற்கிறது, அவர் ஹாரன் அடிக்கிறார். வேறு ப்ளவுஸ் இல்லையா என்றால் இருந்தது, பழைய பெரிய அளவில் பெட்டி நிறைய இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு மாதமாக நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொன்னதும் இதனால்தான். நீ உடனே வீடியோவைப் போடச் சொல்வாய், எனக்குத் தெரியும்.

பத்து கிலோ ஏறிவிட்டேன்டீ. 98-லிருந்து 67-க்கு வந்தவள், இப்போது 77.

67 வந்த அன்று நான் போட்ட ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ரெண்டரை வருஷமும் இந்த வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் அவர் மேட்டூர் நீர்மட்டத்தைப் படிப்பார், அடுத்து "உன் நீர்மட்டம் என்ன?" என்று என்னைக் கேட்பார். அங்கே ஏறினால் சந்தோஷம், இங்கே இறங்கினால் சந்தோஷம். இப்போது மேட்டூரை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார். அந்த நாகரிகம்தான் தாங்கவில்லை.

ஊர் அப்படி இல்லை. இளைத்தபோது "என்ன டீச்சர், சுகரா?" என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் இப்போது "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு" என்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி மட்டும் "பழையபடி ஆயிட்டீங்களே" என்றாள். மற்றவர்கள் சொன்ன களை எதுவும் நினைவில் நிற்கவில்லை, இந்த "பழையபடி" மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கும் காதில் கேட்கிறது.

எப்படி ஏறியது என்கிறாயா? மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதைதான் உனக்குத் தெரியுமே. அதிலிருந்து காவிரித் துலாக்கட்டம் வரை போய்வரும் காலை நடை நின்றது. ராத்திரி மூன்று தடவை எழ வேண்டியிருக்கிறது. எழுந்தால் சும்மா திரும்பிப் படுக்க முடிகிறதா? ஒரு முறுக்கு, அரை டம்ளர் பால், அத்தை மிச்சம் வைத்த ரசஞ்சாதம். இதோடு அந்த மாதாந்திரத் தொல்லை நிற்கப்போகும் வயதும் சேர்ந்துகொண்டது. விலங்கியல் டீச்சர் அல்லவா, கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. பத்து கிலோ, பதினாலு மாதம். ஒரு நாளைக்கு 180 கலோரி சொச்சம்தான் வருகிறது. உடம்பு இவ்வளவு நேர்க்கணக்காக நடக்காது என்று தெரியும், ஆனாலும் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அவ்வளவுதான். விருந்து தின்று ஏறியிருந்தாலாவது மனசு ஆறும்.

சரி, ப்ளவுஸ் கதை பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் அதைத் தூக்கிக்கொண்டு பாலு டைலரிடம் போனேன். இளைத்தபோது என் ப்ளவுஸ் பதினொன்றையும் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். "இனிமே பெருசாக்க வர மாட்டேன், எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடு" என்று அவன் கடையில் நின்று நான் வசனம் பேசியிருக்கிறேன். இப்போது அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஓரத்தைப் பிரித்தான். உள்ளே ரெண்டு பக்கமும் பழைய துணி அப்படியே மடிந்து இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் இருக்கும்.

"வெட்டச் சொன்னேனே?"

"யாருக்குமே வெட்ட மாட்டேன் டீச்சர். வெட்டிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. இவள் திரும்ப வருவாள் என்று இவன் அன்றைக்கே முடிவு கட்டியிருக்கிறான் பார் என்று ரெண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் பிளஸ் ஒன் வகுப்பில் திசுக்களைப் பற்றிப் பேசும்போது சட்டென்று நிறுத்திவிட்டேன். உடம்பும் அதைத்தானே செய்கிறது! நாம் இளைத்தால் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. காலியாகிச் சுருங்கிக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. அதோடு, பழைய பருமனின் அடையாளம் அந்தச் செல்களில் தங்கிவிடுகிறது என்று 2024-ல் சூரிச்சில் கண்டிருக்கிறார்கள். பாலு துணியை விட்டு வைத்த மாதிரிதான்.

அப்புறம்தான் தஞ்சாவூர் டாக்டரிடம் போனேன். இதற்கு நடுவில் வேறொரு இடத்தில் "கன்ட்ரோல் போயிடுச்சா?" என்று கேட்டு எடை இயந்திரத்தைக் காலாலேயே தள்ளினார்கள். அங்கிருந்து அழாமல் வெளியே வந்ததற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். தஞ்சாவூர்க்காரர் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து இளைக்கவைத்தார்களாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பசியைக் கிளப்பும் கிரெலின் கூடியே இருக்கிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தே இருக்கிறது. 2011-லேயே வந்த ஆய்வு. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லெப்டினின் மரபணுவைக் கண்டுபிடித்ததே 1994 கடைசியில்தான், நாம் டிகிரி வாங்கிய வருஷம். ஹாஸ்டல் மெஸ்ஸில் நாலாவது தோசைக்கு நான் தட்டை நீட்டும்போது "வயிறா, வண்ணான் சாலா?" என்று நீ கேட்பாயே, அப்போது பதில் சொல்ல விஞ்ஞானமே இல்லை, தெரிந்துகொள்.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்திருக்கிறார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும், இருக்கவேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்ததாம். பாவம்தான். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, நான் முப்பத்தொன்றில் பத்துதானே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் டாக்டர் சொன்னார். 2025-ல் மௌஞ்சாரோ, வெகோவி ரெண்டுமே நம் நாட்டுக்கு வந்துவிட்டன. வெகோவியில் இருக்கும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் ரெண்டு பங்கு திரும்பிவிட்டதாம். ஆரம்பித்தால் லேசில் நிறுத்த முடியாது, செலவைப் பார்த்து நிதானமாக முடிவு பண்ணுங்கள் என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அஞ்சு மா நிலத்துச் சம்பா தையில் வீடு வந்து சேரட்டும், பிறகு யோசிக்கலாம்.

டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "98-லிருந்து எண்ணாம ஏன் 67-லிருந்து எண்றீங்க?" என்றார். மூன்று மாத சர்க்கரை 8.4 இருந்தது, 5.8-க்கு இறங்கியது, இப்போது 6.3. பிரஷர் மாத்திரை பாதிதான், ஏறவில்லை. முழங்கால் மாடிப்படிக்கு முனகுவதில்லை. இத்தனை மார்க்கையும் நானே ஒரு பிள்ளையின் பேப்பரில் பார்த்திருந்தால் ஃபெயில் போட்டிருப்பேனா? ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்றால் அந்தப் பத்துதான் தெரிகிறது, இருபத்தொன்று தெரிவதில்லை. அதை இன்னும் சரிபண்ண முடியவில்லை.

இப்போதைக்கு, தினம் மூன்று தடவை ஏறி நின்ற எடை இயந்திரத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வியாழக்கிழமை காலையில் மட்டும் அவர் இறக்கித் தருவார். 80-ஐத் தொட்டால் டாக்டரிடம் போவது என்று பேச்சு. 67-ஐப் பற்றிப் பேசுவதில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பதினைந்து தடவை எழுந்து உட்காருகிறேன், தசை கரையாமல் இருப்பதற்கு. அத்தை பார்த்துச் சிரிக்கிறார். மத்தியானம் சோறு ஒரு கரண்டி, கூட்டு ரெண்டு கரண்டி. ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறோம், அதனால் தூங்குகிறேன். எல்லாவற்றிலும் பெரிய மருந்து அதுதான் போல, முறுக்கு டப்பா அப்படியே இருக்கிறது.

கமலி, இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். திருவையாற்றுக் கல்யாணத்தில் உன் இலையிலிருந்து அசோகா அல்வாவை எடுத்து ஓரமாக வைத்தேனே, "கொஞ்சம் வைராக்கியம் வேணும்டீ" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேனே. நீ சிரித்துக்கொண்டே மோர் சாதத்துக்குப் போய்விட்டாய். உன் காது சிவந்ததைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. அப்போது எனக்கு எல்லாம் என் வைராக்கியத்தால்தான் நடந்தது என்று நினைப்பு. அது என் கிரெலின் கொஞ்ச நாள் தூங்கிய அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். மன்னித்துவிடு. கிரகப்பிரவேசத்தன்று உன் முகத்தைப் பார்க்கக் கூசியதற்கு ப்ளவுஸ் பாதிக் காரணம், அந்த அசோகா மீதி.

மற்ற சேதி: அத்தை வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். பையன் கல்யாணப் பேச்சை எடுத்தால் சென்னையில் நெட்வொர்க் போய்விடுகிறது. மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, வயலில் தண்ணீர் வடிந்தால் சரி.

ஐப்பசி கடைசி நாள் காவிரிக் கடைமுழுக்குக்கு வா என்றால் கூட்டத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பாய். அதனால் மறுநாள் கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்குக்கு வந்துவிடு. தாமதமாக வந்து சேர்ந்தவனுக்காக சாமியே ஒரு நாள் தள்ளிக் கொடுத்த முழுக்கு, நம் ரெண்டு பேருக்கும் ஏற்றதுதான். மன்னார்குடியிலிருந்து காலை பஸ் பிடித்தால் சாப்பாட்டு வேளைக்கு வந்துவிடலாம். அசோகா வாங்கி வைக்கிறேன். எனக்கும் ஒரு ஸ்பூன் உண்டு, எண்ணாதே.

வரும்போது சித்திரையில் பாலுவிடம் தைத்தாயே, அந்தப் பச்சை ப்ளவுஸ், அதையும் எடுத்து வா. பிரித்துப் பார்ப்போம், உனக்கு உள்ளே எவ்வளவு விட்டு வைத்திருக்கிறான் என்று.

உன்
ராஜி