கான்டன் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: எத்தனை வருஷம் ஆடினார் என்று கேட்பதற்கு முன்னால்

ஒஹையோ மாநிலத்தின் கான்டன் ஊரில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது சிறந்த ஆட்டக்காரர்களின் புகழ் அவைக்கு, வாக்களிக்கும் ஐம்பது பேருக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலானவர்கள் விளையாட்டு நிருபர்கள், என்னைவிடப் பல மடங்கு ஆட்டம் பார்த்தவர்கள். அதனால் பாடம் எடுக்க வரவில்லை, சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். ஒருவர் பெயர் மேசைக்கு வந்ததும் "ஏழு சீசன்தானே ஆடினார்" என்று தள்ளி வைக்கிறீர்கள். அடுத்தவர் வந்தால் "பதினாறு சீசன் ஆடினார், சரி, ஆனால் எந்த வருஷமாவது அவர்தான் நம்பர் ஒன்னா?" என்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விதான். ஆனால் ஆளுக்குத் தகுந்த மாதிரி கேள்வியை மாற்றிக்கொண்டே போனால் யாரை வேண்டுமானாலும் வாசலில் நிறுத்திவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சம்தான் முதலில். அதையும் புள்ளிவிவரத்தை வைத்து அளக்காதீர்கள், எதிரணி எவ்வளவு பயந்தது என்பதை வைத்து அளங்கள்.

1998 ஜனவரி, சான் டியேகோ, சூப்பர் பவுல் என்கிற லீக் இறுதிப் போட்டி. டென்வர் அணியின் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) டெரல் டேவிஸுக்கு ஒற்றைத் தலைவலி வந்து கண்ணே தெரியாமல் போய்விட்டது. அணி கோல் கோட்டை ஒட்டி நிற்கிறது. பயிற்சியாளர் மைக் ஷனஹன் அவரிடம், உனக்குக் கண் தெரிய வேண்டாம், பந்து உன்னிடம் வராது, ஆனால் நீ உள்ளே நிற்காவிட்டால் நாம் ஓடப்போகிறோம் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார். டேவிஸ் போய் நின்றார், பந்தை வாங்குவது போலப் பாவனை செய்தார், பந்தை எறியும் ஆளான ஜான் எல்வே அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கோல் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் டச் டவுன் போட்டார். பார்வை இல்லாமல் நின்ற ஆளைக்கூட எதிரணியான கிரீன் பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது! பார்வை திரும்பியதும் இரண்டாம் பாதியில் வந்து, மொத்தம் 157 யார்டு, மூன்று டச் டவுன், ஆட்ட நாயகன் விருது. அதே ஆண்டு தொடங்கிய அடுத்த சீசனில் 2,008 யார்டு. 1999-ல் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது, அதுவும் பந்தோடு ஓடும்போது இல்லை, எதிரணி பறித்த பந்தைத் துரத்தும்போது. மொத்தம் 78 ஆட்டம். தகுதி வந்த பிறகும் பத்து வருஷம் காக்க வைத்து 2017-ல்தான் உள்ளே விட்டீர்கள்.

எதற்கு அந்தப் பத்து வருஷம்? சிகாகோவின் ரன்னிங் பேக் கேல் சேயர்ஸ் ஆடியது 68 ஆட்டம்தான். முதல் சீசனிலேயே 22 டச் டவுன் போட்டவர், அதில் ஆறு சிகாகோவின் சேற்று மைதானத்தில் ஒரே நாளில் வந்தவை. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 1977-லேயே, அவருடைய 34-வது வயதில், அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முன்னுதாரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஸ்டெர்லிங் ஷார்ப் கதை இன்னும் மோசம். எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர். கிரீன் பேயில் ஏழு சீசன், 1992-ல் கேட்ச், யார்டு, டச் டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம். 1994-ல் 18 டச் டவுன் பிடித்துவிட்டு, கழுத்துக் காயத்தால் அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று. தம்பி ஷனன் 2011-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது கான்டன் மேடையில் நின்று, இந்த அவையிலேயே தன் குடும்பத்தில் இரண்டாவது இடத்தில் இருக்கும் ஒரே ஆட்டக்காரன் நான்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார். அப்படியும் அண்ணனுக்கு இடம் கிடைக்க 2025 வரை ஆனது. கழுத்தில் அடிபட்டது அவர் செய்த குற்றமா?

சரி, அப்படியானால் நீண்ட காலம் ஆடுவது ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். வின்னி டெஸ்டாவர்டி 21 சீசன் ஆடினார், அவரை உள்ளே விடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. ஆனால் ஜிம் மார்ஷல்? மினசோட்டாவின் டிஃபென்சிவ் எண்ட், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர். 1960-ல் கிளீவ்லாண்டில் தொடங்கி 1979 வரை 282 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மலை மாதிரி ஆள் மேலே வந்து மோதும் இடம் அது. அந்த இடத்தில் இருபது வருஷம் முதல் வரிசையில் நின்றது உடம்பின் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, அதுவும் ஒரு திறமை. பொதுமக்களுக்கு அவர் பெயர் தெரிவது 1964-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பந்தை எடுத்துக்கொண்டு தப்பான திசையில் 66 யார்டு ஓடிய கதையால்தான். (அந்த ஆட்டத்தை மினசோட்டா 27-22 என்று ஜெயித்தது, அதை யாரும் சொல்வதில்லை.) கூட நின்ற ஆலன் பேஜும் கார்ல் எல்லரும் உள்ளே இருக்கிறார்கள். மார்ஷல் 2025 ஜூனில் காலமானார். உயிரோடு இருந்தபோது நீங்கள் செய்யவில்லை.

ரன்னிங் பேக் ஃபிராங்க் கோர் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் இழுபறி. 16,000 யார்டு, வரலாற்றில் மூன்றாவது இடம், ஆனால் ஒரு சீசனில்கூட லீக்கில் முதலிடம் இல்லை. கல்லூரியிலேயே இரண்டு முழங்காலும் கிழிந்த ஆள், ரன்னிங் பேக்குகள் முப்பது வயதில் வீட்டுக்குப் போகும் ஆட்டத்தில் 37 வயதிலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஓட்டுப் போடுவேன், ஆனால் டேவிஸுக்கும் ஷார்ப்புக்கும் போட்ட பிறகு.

இதில் உங்கள் புது விதி வேறு. கடைசிச் சுற்றில் மிஞ்சும் ஏழு பேரில் ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குத்தான் ஓட்டுப் போடலாம், ஆனால் உள்ளே வர 80% ஓட்டு வேண்டும் என்கிறீர்கள். ஓட்டு சிதறாமல் என்ன செய்யும்? 2025-ல் மொத்தமே நான்கு பேர்தான் வந்தார்கள். ஒருபக்கம் ஏழு வருஷ மின்னல், இன்னொரு பக்கம் பதினாறு வருஷ உழைப்பு, இரண்டையும் ஒரே சீட்டுக்கு மோத விட்டால் இரண்டு பேருமே வெளியில்தான் நிற்பார்கள். அந்த ஐந்து என்கிற வரம்பை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் வேண்டும், வேண்டாம் என்று தனித்தனியாகப் போடுங்கள்.

அப்புறம், மூடிய அறைக்குள் ஒருவருக்காக எழுந்து பேசும் நிருபரிடம் மொத்த யார்டைக் கேட்காதீர்கள். குறுகிய காலம் ஆடியவர் என்றால், இவரைத் தடுக்க எதிரணி என்னென்ன மாற்றிக்கொண்டது என்று கேளுங்கள். நீண்ட காலம் ஆடியவர் என்றால், கடைசி ஐந்து வருஷம் இவரை ஏன் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை என்று கேளுங்கள். பதில் வராத பெயரை எடுத்துவிடுங்கள், எனக்குப் பிடித்த ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. பல வருஷம் முன்பே ஆட்டத்தை விட்டவர்களுக்கான அடுத்த சீனியர் பட்டியலில் மார்ஷல் பெயர் இல்லை என்றால் மட்டும் திரும்ப எழுதுவேன்.