மூன்று செமிடோன்

அன்புள்ள டெனார் அவர்களுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு நல்ல பொய் எதுவும் கிடைக்கவில்லை, விட்டுவிடு. வீட்டில் எல்லாரும் நலம். எனக்குத்தான் தொண்டை போய்விட்டது. குரல்நாணில் சின்ன முடிச்சாம். மூன்று மாதம் பாடக் கூடாது, சத்தம் போட்டுப் பேசவும் கூடாது என்றார் டாக்டர். இரண்டாவதைக் கேட்டு வீட்டில் ஒரே சந்தோஷம்.

அதனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பாடகர் குழுவை விட்டு இறங்கிச் சபையோடு உட்கார்ந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குழுவில் நின்றபோது நமக்குக் கேட்டது நம் குரல்தான். சபையும் பாடுகிறது என்று நாமாக நினைத்துக்கொண்டோம். கீழே வந்து பார்த்தால் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு பாட்டி. முதல் இரண்டு வரியை நன்றாகவே பாடினார். மூன்றாவது வரியில் மெட்டு மேலே ஏறியதும் நிறுத்திவிட்டு, புத்தகத்தில் விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். மெட்டு இறங்கியதும் மறுபடி சேர்ந்துகொண்டார். ஐந்து சரணத்திலும் இதேதான். அவருக்கு இது புதிதில்லை என்பது அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்தப் பாட்டை ஈ ஃபிளாட் சுருதியில் வைத்தது யார்? நான்தான். மேல் எஃப் தொட்டால்தான் பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ பளிச்சென்று இருக்கும் என்று சண்டை போட்டேன். மூன்று செமிடோன், அதாவது மூன்று அரைச்சுரம், இறக்கி சி-யில் நீ நோட்டு எழுதி வந்தபோது, அதன் தலையில் ‘தாலாட்டுச் சுருதி’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். மெட்ரோநோம் மாஸ்டர்கூடச் சிரித்தார்.

அன்றைக்கு நான் லவோதிக்கேயாவை இழுத்தேன். நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று நான்காம் நூற்றாண்டிலேயே அங்கே கூடிய திருச்சபைச் சங்கம் விதித்ததே என்றேன். நீ சீர்திருத்தவாதி லூத்தரைக் கொண்டுவந்தாய். 1524-இல் வந்த புத்தகத்தில் எட்டே பாட்டு, ஆனாலும் ஜனங்கள் பேசிய ஜெர்மனில் என்றாய். சரி, லூத்தர் ஜெயித்துவிட்டார். போதாததற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வேறு. 1761-இல் அவர் எழுதிய அறிவுரையில், எல்லாரும் பாடுங்கள் என்றவர், சபையின் குரலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று கத்தாதீர்கள் என்றும் சொல்கிறார். என் தொண்டையைப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது.

அதற்காகக் குழுவையே கலைக்கச் சொல்லவில்லை. இன்னொரு சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் சூரிச்சில் பாட்டை நிறுத்தி, 1527-இல் பெரிய ஆலயத்தின் ஆர்கனையும் உடைத்தார்கள். ஆராதனையில் பாட்டு திரும்ப 1598 ஆனது. குழு இல்லாவிட்டால் புது மெட்டைச் சபைக்கு யார் சொல்லித் தருவது? பாட முடியாமல் நிற்பவனுக்காக யார் பாடுவது? அம்மா போன மறு ஞாயிறு நான் வெறுமனே வாயசைத்தேன். பக்கத்தில் நின்ற உனக்குத் தெரிந்திருக்கும். நீ அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாடினாய்.

போன வாரம் கெஞ்சிக் கூத்தாடி அதே பாட்டை சி-யில் வைக்கச் சொன்னேன். முதல் சரணம் எல்லாரும் ஒரே குரலில், அப்புறம்தான் நான்கு பாகம். பாட்டி நிறுத்தவில்லை. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது, தாளத்திலும் அரை மாத்திரை முன்னால் ஓடினார். அவருக்கு அந்தப் பக்கம் புத்தகமே எடுக்காமல் உட்கார்ந்திருந்த பையன் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தான். எனக்குப் பாடத் தடை, பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் ஒரு சங்கடம். நோட்டு அக்கா என்னோடு பேசுவதில்லை, அதை விடு. அப்படியே இறக்கிப் பாடியதில், கீழ்க்குரல் பாடும் பாஸ்காரர்கள் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்கள், கடைசி வரியில் வெறும் காற்றுதான் வந்தது. நீ எழுதியதில் பாஸ் பாகத்தை மாற்றி அமைத்திருந்தாய். அந்த நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? வியாழக்கிழமை பயிற்சிக்குள் கிடைத்தால் நல்லது.

தலையில் பென்சிலால் எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பு. குழுவில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்.

உன்,
ஊமை பாரிட்டோன்