ரோமில் ஏழு நாள்: எதற்கு டூர், எதற்கு ரயில்

அன்புள்ள யாழினிக்கு,

அத்தையும் மாமாவும் வருவதால், ரோமிலிருந்து போகிற எல்லா வெளியூருக்கும் டூர் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் வேண்டாம் கண்ணு. டூர்க்காரர்கள் இரண்டு சரக்கை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். ஒன்று வண்டி, இன்னொன்று விளக்கிச் சொல்லும் கைடு. சில ஊருக்குப் போய்ச் சேர்வதே பாடு. சில இடத்துக்குச் சுலபமாகப் போய்விடலாம், ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் வெறும் கல்தான் தெரியும். எது குறைகிறதோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்கு.

எரிமலை வெடித்துப் புதைந்துபோன பழைய ரோமானிய ஊரான பொம்பெய்யை எடுத்துக்கொள். ரோமிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் ஓடிவிடும். நடுவில் மதியச் சாப்பாடு, பல டூர்களில் ஒரு நகைக்கடை நிறுத்தம். இதெல்லாம் போக, ஊருக்குள் நடக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். அதே இடத்துக்கு ரயிலில், ரோமின் டெர்மினி ஸ்டேஷனிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் 1 மணி 10 நிமிடம். அங்கிருந்து சீர்கும்வெசுவியானா என்கிற உள்ளூர் ரயிலில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம்.

இந்த உள்ளூர் ரயிலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நேப்பிள்ஸின் பெரிய ஸ்டேஷனான நாப்போலி சென்ட்ராலேயில் இறங்கி, கீழ்த்தளத்தில் காரிபால்டி பிளாட்பாரத்துக்குப் போனால் சொரெண்டோ, சார்னோ, போஜ்ஜோமரீனோ என்று பல லைன் வண்டிகள் அடுத்தடுத்து வரும். நீங்கள் ஏற வேண்டியது சொரெண்டோ வண்டி, இறங்க வேண்டியது 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'. வாசலிலேயே போர்தா மரீனா நுழைவாயில். காரிபால்டியில் ஏறினால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். வண்டி புறப்படுவது அதற்கு முந்தைய ஸ்டேஷனான போர்தா நோலானாவில். பத்து நிமிடம் நடந்து அங்கே போய் ஏறினால் அத்தைக்கு உட்கார இடம் கிடைக்கும். கூட்டத்தில் பர்ஸ், போன் இரண்டும் முன்பக்கம் இருக்கட்டும்.

அத்தையின் முழங்காலுக்கு இன்னொரு வழியும் உண்டு. உள்ளே தெருவெல்லாம் எரிமலைக் கல், மேடும் பள்ளமும். பியாட்சா அன்ஃபிதெயாத்ரோ வாசலில் தொடங்கி மூன்று கிலோமீட்டருக்கு மேல், சக்கர நாற்காலிகூடப் போகும்படி சமன் செய்த பாதை இருக்கிறது. அந்த வாசலுக்குப் போக போஜ்ஜோமரீனோ லைனில் 'பொம்பெய் சாந்துவாரியோ' ஸ்டேஷன்தான் பக்கம். மற்றவர்கள் தவறி இறங்கித் தவிக்கிற அதே ஸ்டேஷன் உங்களுக்கு உதவும்.

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடு. 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் பெயரும் இருக்கும். நால்வரும் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். 30×30×15 செ.மீ.க்கு மேல் பெரிய பை உள்ளே விடமாட்டார்கள். நிழல் குறைவு, ஆனால் உள்ளே குடிநீர்க் குழாய்கள் உண்டு, பாட்டில் கொண்டுபோனால் போதும்.

இங்கே கைடு அவசியம் வேண்டும். வண்டி இல்லாமல் கைடை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளலாம். உரிமம் பெற்றவரா என்று அட்டையைப் பார், ஆளுக்கா குழுவுக்கா என்று தொகையை முதலிலேயே தீர்மானித்துக்கொள். தெரு நடுவே மூன்று பெரிய கல் துருத்திக்கொண்டு நிற்கும். தெருவில் ஓடுகிற கழிவுநீரில் கால் படாமல் தாண்டிப்போகப் போட்டது அது. இரண்டு கல்லுக்கு நடுவே வண்டிச் சக்கரம் புகும் அளவுக்கு இடைவெளி, அதில் சக்கரம் தேய்த்த பள்ளம். யாராவது குனிந்து கைவைத்துக் காட்டினால்தான் அது கண்ணில் படும்.

ரயிலில் போவதில் இன்னொரு லாபம், திரும்பும்போது நேப்பிள்ஸில் இறங்கலாம். 1938-இல் பொம்பெய்யில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை அங்குள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்பே நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன பொருள். முசிறியையும் யவனர் கப்பலையும் பாடத்தில் மட்டும் படித்தவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மெட்ரோ லைன் 1-இல் 'மூசேயோ'வில் இறங்கு. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அதிவேக ரயிலில் மலிவான டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் பணம் போனதுதான். போகும்போது மலிவானதை எடு, வரும்போது மாற்றிக்கொள்ளக்கூடியதை எடு. கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாதே. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுமுன் பிளாட்பாரத்து மிஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ரோமின் பழைய துறைமுக ஊரான ஒஸ்தியா ஆன்திகாவுக்கு டூர் எடுப்பது வீண். மெட்ரோ பி லைனில் பிரமிதே, அங்கேயே மாறி லீதோ கடற்கரைப் பக்கம் போகும் ரயில். 100 நிமிடம் செல்லும் சாதாரண நகர டிக்கெட் 1.50 யூரோதான். வணிகர் சதுக்கத்தின் தரையில், எந்த ஊர் வியாபாரியின் அலுவலகம் எது என்று சிறுகல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா ஊர்க்காரர்களுடையதில் ஒரு யானை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

டிவோலிக்கும் நீங்களே போகலாம். ஆனால் அங்குள்ள வில்லா அத்ரியானா (பேரரசர் ஹேட்ரியனின் அரண்மனை இடிபாடு), வில்லா தெஸ்தே (நீரூற்றுத் தோட்டம்) இரண்டையும் ஒரே நாளில் பெரியவர்களோடு வேண்டாம்.

டூர் எடுக்க வேண்டியது அமால்ஃபி கடற்கரைக்கும், பியென்சா, மொந்தால்சீனோ போன்ற தஸ்கனி மலையூர்களுக்கும். மலையூர்களுக்கு ரயில் கிடையாது. அமால்ஃபி சாலை குறுகல், சீசனில் உள்ளூர் பஸ் நிரம்பி, நிற்காமல் போய்விடும். மாப்பிள்ளை கார் எடுக்கலாம் என்பார். பழைய நகரங்களுக்குள் வெளி வண்டி நுழையத் தடையுள்ள பகுதிகள் உண்டு, வாசலில் கேமரா இருக்கும். எத்தனை முறை நுழைந்தாரோ அத்தனை அபராதம், மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். முன்பணம் கட்டுமுன் டூர்க்காரரிடம் கேள்: நுழைவுச்சீட்டு சேர்ந்ததா, எத்தனை பேர், கடை நிறுத்தம் உண்டா, ஆள் சேராவிட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், மாலையில் எங்கே இறக்கிவிடுவார்கள்.

வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். 'ஷோப்பெரோ' என்று தேடி, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார். வேலை நாளில் நிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும். அதை நம்பி வெளியூர் கிளம்பாமல், அந்த நாளை ரோமுக்குள் கழித்துவிடு.

மாமாவின் சாப்பாட்டுக்கு 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே' என்று சொன்னால் போதும், கறியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். மரினாரா பீட்சாவின் பெயரில் கடல் இருந்தாலும், அதில் தக்காளியும் பூண்டும்தான்.

போகிற தேதிகளைக் கிழமையோடு எழுதி அனுப்பு. நேப்பிள்ஸ் செவ்வாயிலும் ஒஸ்தியா திங்களிலும் விழாமல் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா